சாப்பிட்டால் வலிக்கிறது என்று அப்பா சொன்னது சாக்கு இல்லை

கரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 66 வயது. லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். நாற்பது வருடமாக பீடி. பத்து வருடமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம். எட்டு மாதத்துக்கு முன் வயிற்று வலி தொடங்கியது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் திண்ணையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் தானாக விட்டுவிடும். கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள். எண்டாஸ்கோபி இரண்டு முறை, கொலோனோஸ்கோபி ஒரு முறை, வயிற்று ஸ்கேன் மூன்று முறை, எதிலும் ஒன்றுமில்லை. கடைசியாக ஒருவர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதற்குள் நான்கு இட்லி சாப்பிட்டவர் ஒரு இட்லிக்கு வந்துவிட்டார். 63 கிலோ இருந்தவர் இப்போது 47.

“அடம்பிடிக்கிறார் என்று நானே திட்டியிருக்கிறேன் டாக்டர். அம்மாவின் திதியன்று வற்புறுத்தி வடை பாயசத்தோடு சாப்பிட வைத்தோம். அன்றைக்குத் தரையில் உருண்டார்” என்று எழுதுகிறார்.

போன மாதம் திருச்சியில் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர் இரண்டு நாள் அட்மிட் செய்து, டை என்ற சாய மருந்தை ஏற்றி ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்தார். குடலுக்குப் போகும் முக்கியத் தமனியில் 90 சதவீத அடைப்பு. அதற்கு மேலுள்ள தமனி முழுவதும் மூடிவிட்டது. சீக்கிரம் ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைக்க வேண்டும் என்றிருக்கிறார். வீட்டில் ஒருமித்த பேச்சு இல்லை. இதயத்துக்குத்தானே ஸ்டென்ட், குடலுக்கு ஏது என்கிறார் அண்ணன். உடம்பைக் கொஞ்சம் தேற்றிவிட்டு அப்புறம் செய்யலாம் என்கிறார் அத்தை. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் 1.7 இருப்பதால், மறுபடி டை ஏற்றினால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பூண்டும் மருதம்பட்டைக் கஷாயமும் அடைப்பைக் கரைக்குமா என்பது ஆசிரியையின் கேள்வி. அப்பாவோ, “என்னை விட்டுவிடுங்கள்” என்கிறார்.

நான் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை செய்கிறவன். இனி உங்களிடமே பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “அமாவாசை விரதம் இருக்கிற நாளில் மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்.” நோய் என்னவென்று அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. பட்டினி கிடந்தால் வலி இல்லை. சாப்பிட்டால் வலி. நிறையச் சாப்பிட்டால் உருளும் அளவுக்கு வலி. எட்டு மாதத்தில் இதை யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது ஸ்கேனுக்கு வேலை இருந்திருக்காது.

வயிற்றுக்குள் இறங்கும் மகாதமனியிலிருந்து மூன்று கிளைகள் செரிமான உறுப்புகளுக்குப் போகின்றன. மேலே இருப்பது சீலியாக் தமனி. இரைப்பை, கல்லீரல், மண்ணீரலைப் பார்த்துக்கொள்கிறது. அடுத்தது மேல் குடல் தமனி. நாங்கள் எஸ்.எம்.ஏ. என்போம். சிறுகுடல் ஏறத்தாழ முழுவதும், பெருங்குடலின் வலது பாதியும் அதன் பொறுப்பு. மூன்றாவதான கீழ்க் குடல் தமனி சிறியது. பெருங்குடலின் இடப்பக்கத்துக்குப் போகிறது. சும்மா இருக்கும்போதே இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பக்கம்தான் வருகிறது. சாப்பிட்டவுடன் குடல் இன்னும் கேட்கும். குழாய் சுருங்கியிருந்தால் எங்கிருந்து கொடுக்கும்? மாடி ஏறும்போது நெஞ்சு வலிக்கிற இதய நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். குடலுக்குச் சாப்பாடுதான் மாடிப்படி.

இந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சின்னச் சின்ன இணைப்புகளால் பின்னிக்கிடப்பவை. அதனால் ஒன்று மட்டும் அடைத்தால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு கெட்ட பிறகுதான் வழக்கமாக வலி வரும். அப்பாவுக்கு ஒன்று மூடிவிட்டது, இன்னொன்றில் பத்தில் ஒரு பங்குதான் வழி இருக்கிறது. காரணம், கால் தமனியிலும் இதயத் தமனியிலும் படிகிற அதே கொழுப்புப் படிவு. பீடி, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்த இடத்தில் இது வருவதில் ஆச்சரியம் இல்லை.

எண்டாஸ்கோபி ஏன் நார்மல் என்று கேட்டிருந்தீர்கள். அது குடலின் உட்சுவரைப் பார்க்கிற கருவி. அடைப்பு குடலுக்கு வெளியே, முதுகெலும்பை ஒட்டிய குழாயில் இருக்கிறது. சாதாரண வயிற்று ஸ்கேனிலும் அந்தக் குழாய்களைத் தேடிப் பார்க்கச் சொன்னால்தான் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் டாப்ளர் வைத்து ரத்தம் பாயும் வேகத்தை அளந்தால் சந்தேகம் வந்திருக்கும். குறுகிய இடத்தில் ரத்தம் சீறிக்கொண்டு போகும். வயிற்றில் வாயு நிறைய இருந்தால் டாப்ளரும் சரியாகத் தெரியாது. கடைசியில் உறுதி செய்வது சி.டி. ஆஞ்சியோதான். அந்தத் திருச்சி மருத்துவர் சரியான பரிசோதனையைக் கேட்டிருக்கிறார், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முன்னால் பார்த்த மருத்துவர்கள்மேல் நீங்கள் காட்டியிருக்கும் கோபம் புரிகிறது. கொஞ்சம் அவர்கள் பக்கமும் பேசிவிடுகிறேன். சாப்பிட்டதும் வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அல்சர், பித்தப்பைக் கல், கணையக் கோளாறு என்று வேறு ஏதாவதுதான் இருக்கும். இது அரிய நோய். இதைப் படித்துவிட்டு ஏப்பம் விடுகிற எல்லோரும் சி.டி. எடுக்க ஓட வேண்டாம். ஆனால் சாப்பிட்ட பிறகு வலி, சாப்பிடவே பயம், எடை சரிவு, புகைப்பழக்கம் நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது, எண்டாஸ்கோபி நார்மல் என்று அனுப்பிவிடக் கூடாது. அங்கே தவறு நடந்திருக்கிறது. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

“உடம்பைத் தேற்றிவிட்டுச் செய்யலாம்”

அத்தை அன்பில் சொல்வது. ஆனால் உங்கள் வீட்டில் பேசப்படுகிறவற்றில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். எதைக் கொடுத்துத் தேற்றுவீர்கள்? சாப்பாடுதானே வலியைக் கொண்டுவருகிறது. எடை இறங்கியதற்குக் காரணம் அடைப்பு. அடைப்பை எடுக்காமல் எடை ஏறாது. நரம்பு வழியாகச் சத்து ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதையும் மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகுதான் தேற்ற வேண்டும். அப்போதும் மெதுவாக. பல மாதம் காய்ந்த உடம்பில் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் ஆபத்தான அளவுக்குச் சரியும். முதல் வாரம் பாயசத்தோடு யாரும் வர வேண்டாம் என்று அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

காத்திருப்பதன் ஆபத்து பழைய செய்தி. 1936இல் டன்ஃபி என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர், குடல் அழுகி இறந்த 12 பேருடைய பழைய விவரங்களைத் தோண்டிப் பார்த்தார். அவர்களில் 7 பேருக்கு அதற்கு முன்பே இதே மாதிரி வயிற்று வலி இருந்திருக்கிறது. மெல்ல மெல்லச் சுருங்கும் குழாயில் ஒரு நாள் ரத்தம் உறைந்து முழுவதும் அடைத்துவிடலாம். அப்படி அடைக்கிற நாளில் இது உயிருக்கே ஆபத்தான அவசரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

குடலுக்கு ஏது ஸ்டென்ட்?

உண்டு. ஸ்டென்ட் போவது குடலுக்குள் அல்ல, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள். இந்தத் தமனியைப் பலூன் வைத்து விரிக்கும் சிகிச்சை 1980 வாக்கிலேயே வந்துவிட்டது. கையிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாக, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, மெல்லிய கம்பியை அடைப்பு தாண்டிக் கொண்டுபோய், பலூனால் விரித்து ஸ்டென்டைப் பதிப்போம். எஸ்.எம்.ஏ. கீழ்நோக்கிச் சரிந்து கிளம்புவதால் பல சமயம் கை வழியாகப் போவது எளிது. மூடிப்போன சீலியாக்கையும் திறந்தாக வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம், எஸ்.எம்.ஏ. நன்றாக ஓடினால் மற்றவற்றுக்கும் அது கொடுக்கும்.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசியலாம், தமனியின் உட்சுவர் கிழியலாம், படிவின் துணுக்கு உடைந்து கீழே போய் அடைக்கலாம். வைத்த ஸ்டென்ட் வருடங்களில் திரும்பச் சுருங்குவதும் உண்டு; கொஞ்சநஞ்சம் பேருக்கு அல்ல. அப்போது மறுபடி பலூன் வைக்கலாம். உறை போட்ட ஸ்டென்ட் வெறும் கம்பி ஸ்டென்டைவிட நீண்ட நாள் திறந்திருப்பதாக 2024இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு காட்டியது. எந்த வகை வைக்கிறீர்கள், ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மாற்று வழி, வயிற்றைத் திறந்து பைபாஸ். அது கூடுதல் காலம் உழைக்கும். ஆனால் 47 கிலோவுக்கு இறங்கிய, சர்க்கரையும் கிட்னிக் குறையும் உள்ள உடம்பு அந்த அறுவையைத் தாங்குவது கடினம். ஸ்டென்ட் வைக்கவே முடியாத அமைப்பு என்றால்தான் அப்பாவுக்கு அதை யோசிப்பேன்.

பூண்டும் மருதம்பட்டையும் பற்றி: வருடக்கணக்கில் இறுகிச் சுண்ணாம்பு ஏறிய படிவை எந்தக் கஷாயமும் கரைக்காது. ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும்கூடக் கரைக்காது. இன்னும் மோசமாகாமலும் அதன்மேல் ரத்தம் உறையாமலும் பார்த்துக்கொள்ளத்தான் அவை. அந்த இரண்டும் அப்பாவுக்கு இப்போதே தொடங்கியாயிற்றா என்று கேளுங்கள். ஸ்டென்டுக்குப் பிறகு சில மாதம், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையும் சேரும். ‘வயிறு சரியாகிவிட்டது’ என்று அதை நடுவில் நிறுத்துகிறவர்களை நான் மறுபடி அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கிறேன். மனச்சோர்வு மாத்திரையையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். எழுதியவரிடம் கேட்டு மெல்லக் குறையுங்கள்.

பீடியை மட்டும் விட்டே ஆக வேண்டும். புகையிலையை விட 1800-11-2356 என்ற இலவச அரசு எண்ணில் உதவுகிறார்கள்.

கிரியேட்டினின் 1.7

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. டை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அப்பா போல மெலிந்தவருக்குத் தசை குறைவு. தசையிலிருந்துதான் கிரியேட்டினின் வருகிறது. ஆகவே 1.7 என்ற எண் காட்டுவதைவிட அவருடைய கிட்னி இன்னும் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கலாம். இதை உங்கள் மருத்துவருக்கு நினைவூட்டுங்கள். அதற்காகச் சிகிச்சையே வேண்டாம் என்று போவது தவறு. முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவது, டையை முடிந்த அளவு குறைப்பது, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது என வழிகள் இருக்கின்றன. சி.டி. எடுத்து இரண்டு மூன்று நாள் கழித்து கிரியேட்டினின் பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லை என்றால் நாளைக் காலையே பாருங்கள்.

இன்னொன்று. வலி வரும்போதெல்லாம் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதமாக அவருடைய கிட்னியை அரித்திருக்கக் கூடியது டை அல்ல, அந்த மாத்திரைதான். இன்றோடு நிறுத்துங்கள்.

அப்பா வேண்டாம் என்கிறாரே?

சுயநினைவோடு தெளிவாக இருக்கும் ஒருவருடைய சிகிச்சைக்கு அவருடைய சம்மதம்தான் சட்டப்படி சம்மதம். நீங்களும் அண்ணனும் கையெழுத்துப் போட்டு அதற்கு ஈடு செய்ய முடியாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால் எதை வேண்டாம் என்கிறார் என்று தெரிந்து சொல்கிறாரா? எட்டு மாதமாக ஒன்றுமில்லை என்று கேட்டுக் கேட்டு, நடிக்கிறாரோ என்ற பார்வையையும் தாங்கிய மனிதர். அவர் மறுப்பது ஸ்டென்டையா, இன்னொரு ஆஸ்பத்திரி அலைச்சலையா என்று எனக்குச் சந்தேகம். சி.டி. படத்தை அவர் கையில் கொடுத்து, இந்த இடத்தில் அடைத்திருக்கிறது, உங்கள் வலி நிஜம் என்று மருத்துவரை அவரிடம் நேராகச் சொல்லச் சொல்லுங்கள். பட்டறைக்காரருக்குக் குழாய் அடைப்பு என்றால் என்னவென்று நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவருக்கு இதே ஸ்டென்ட் வைத்தேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனபோது இரண்டு இட்லி சாப்பிட்டு முடித்திருந்தார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஐயா என்றேன். “எட்டே காலுக்கு முடிச்சேன். இன்னும் வரலை” என்றார். ஒன்பது மணிக்கு நர்ஸைக் கூப்பிட்டு இன்னும் ஒரு இட்லி கேட்டாராம். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு வலி இப்படித்தான் விடுகிறது. இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

அப்பாவின் மருத்துவ ஆவணங்களைத் தர மாட்டோம் என்று திருச்சி மருத்துவமனையில் அலைக்கழிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உள்நோயாளியாக இருந்தவரோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அப்பாவின் கையெழுத்தோடு எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். வெறும் ரிப்போர்ட் தாள் போதாது. ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கும் வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, அப்பாவின் பெயர் குடும்ப அட்டையில் இருந்து, அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழி இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்பே கேளுங்கள். கிடைக்காவிட்டால், ரத்தக்குழாய் அறுவைக்குத் தனித் துறை உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அந்தத் துறை இருக்கிறது.

தேதி கிடைக்கும் வரை

சின்னச் சின்னச் சாப்பாடாக ஆறேழு தடவை கொடுங்கள். எண்ணெயும் நெய்யும் குறைவாக இருக்கட்டும். தண்ணீர் குறையக் கூடாது. உடம்பு வறண்டால் ரத்தம் உறைவது எளிதாகிவிடும். பேதிக்குக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

இப்போது, பிறகு சொல்கிறேன் என்று விட்ட அந்த அவசர நாள் பற்றி. ஒரு நாள் வலி வழக்கம்போல இரண்டு மணி நேரத்தில் விடாமல், அல்லது சாப்பிடாதபோதே, திடீரென்று கடுமையாகப் பிடிக்கலாம். வாந்தியும் வெளிக்குப் போகும் அவசரமும் சேர்ந்து வரலாம். அமுக்கிப் பார்த்தால் வயிறு மெத்தென்றுதான் இருக்கும், ஆளோ துடிப்பார். அந்த முரண்தான் அடையாளம். குடல் தாங்குவது சில மணி நேரம். ஆறு மணி நேரம் தாண்டினால் அழுகத் தொடங்கியிருக்கலாம். அப்புறம் குடலை வெட்டி எடுக்க வேண்டி வரும், உயிருக்கே உத்தரவாதம் இருக்காது. சில மணி நேரம் கழித்து வலி குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். குடல் செத்துப்போகும்போதும் வலி அப்படிக் குறையும்.

அன்றைக்கு ஜெலுசில் வேண்டாம், கஷாயம் வேண்டாம், வாய்க்கு எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, சி.டி. எடுக்கவும் இரவில் அறுவை செய்யவும் வசதி உள்ள மருத்துவமனைக்கே போங்கள். வாசலில் வயிற்று வலி என்று சொல்லாதீர்கள். வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். “குடல் தமனியில் 90 சதவீத அடைப்பு இருக்கிறது, உடனே சி.டி. ஆஞ்சியோ வேண்டும்” என்று சொல்லுங்கள். ரத்தத்தில் லாக்டேட் (திசுவுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் பொருள்) நார்மல் என்பதால் குடல் அடைப்பு இல்லை, தமனி திறந்திருக்கிறது என்று ஆகாது. கிரியேட்டினின் அதிகம் என்று அந்த நேரத்தில் டையைத் தள்ளிப்போடவும் கூடாது.

ஸ்டென்டுக்கு இரண்டு வாரத்துக்குள் தேதி கேளுங்கள். ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க் கையில் வந்ததும் அதையும் மருந்துச் சீட்டையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டி வையுங்கள். அண்ணனுக்கும் அது இருக்கும் இடம் தெரியட்டும்.